நாற்பத்தோராவது மரத்துக்கு அப்பால் பத்தொன்பது பேர்

ஒரு ராஜ்யத்தின் விலை நாலாயிரத்து எழுநூறு ரிங்கிட். காடு, ஆறு, அரியணை, அதில் உட்காரும் நிழலரசன், இரட்டைத் தலைப் பறவை, பெய்கிற மழையைத் துளித்துளியாக எண்ணும் பூதம் எல்லாம் சேர்த்துத்தான். முத்திரைக் கட்டணம் தனி. அது விற்பவர் பொறுப்பு.

விற்றவள் மரியகொரெட்டி. செனாவாங் தொழிற்பேட்டையில், மின்பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, நல்லது இந்தப் பெட்டி, நொள்ளை அந்தப் பெட்டி என்று பிரிக்கிறவள். வாங்கியது மாநிலக் கற்பனைத் திரைக் கழகம். அது சிரம்பானில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கற்பனைக்கென்று ஒதுக்கிய பணம் வருஷாவருஷம் செலவாகாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததால், இந்த வருஷம் எப்படியாவது ஒரு கற்பனையை வாங்கிவிடுவதென்று கழகம் முடிவு கட்டியிருந்தது. முதலில் ஐயாயிரம் என்றார்கள். கொரெட்டி சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிட்டாள். பேரம் பேசாமல் தலையாட்டுகிறவளின் சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டு முந்நூறைக் குறைத்துக்கொண்டார்கள்.

நாவலின் கதை சிறியது. சுவாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவும் பஞ்சாலை என்ற பெண், ஒருநாள் விடியலில் தன் நிரையின் கடைசி மரமான நாற்பதாவதைச் சீவிவிட்டு நிமிர்ந்தால், நேற்றுவரை இல்லாத நாற்பத்தோராவது மரம் நிற்கிறது. அதைத் தாண்டினால் நிழல்நாடு. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். "நீ யார்?" என்று கேட்பது அந்த நாட்டில் குற்றம்.

இப்படி ஒரு நாட்டை ஒருத்தி எதற்காகக் கற்பனை செய்தாள் என்பது நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தமிழராகப் பிறந்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும். கிளினிக்கில் இருமிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி கேட்கும்: "எந்த எஸ்டேட்டு?" பதில் சொன்னால் அடுத்தது: "யாரு மவ?" தோட்டத்தை விற்று, மரத்தைச் சாய்த்து, மேலே வீடமைப்புப் பகுதி கட்டி, அதுவும் பழசாகிவிட்டது. கேள்வி மட்டும் இன்னும் புதிதாகவே இருந்தது.

கொரெட்டி சொல்வாள்: "சூசை மவ."

"எந்தச் சூசை? அட, கோயில் மணிய வித்தானே, அந்தச் சூசையா?"

தோட்டத்தை மூடிய வருஷம் அங்கிருந்த மாதா கோயிலின் மணி காணாமல் போனது. பழைய சாமான் கடையில் கண்டுபிடிப்பதற்குள் அதை உருக்கிவிட்டார்கள். விற்றவர், தினமும் அந்தக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய சூசை. ஏன் விற்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சாகும்வரை சொல்லவில்லை. கொரெட்டிக்குத் தெரியும். அதை ஊருக்குச் சொல்வதைவிட, யாரும் எதையும் கேட்காத ஒரு நாட்டை எழுதிவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. நாலு வருஷம் ஆனது.

பஞ்சாலை அந்த மரத்தைத் தாண்டி நடப்பதைத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் கழகத் தலைவர் டத்தோ நாகநாதன் அவளை எழுந்து நின்று வரவேற்றார். மூன்று தலைமுறையாகச் சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். அரிசி மூட்டையைக் கண்ணால் எடை போடுகிறவர். கலையையும் அப்படியே போடுவார் என்று நம்பித்தான் அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள்.

"உங்க புக்கைப் படிச்சேம்மா. அதாவது மெய்யம்மை ஆச்சி படிச்சுட்டு எனக்குச் சொன்னாங்க."

செயலாளர் மெய்யம்மை கணினியிலிருந்து தலையெடுக்காமல், "பாதி சொன்னேன் டத்தோ. அதுக்குள்ள உங்களுக்கு போன் வந்துருச்சு," என்றார்.

"பாதியே பிரமாதம். ஒரே ஒரு குறைதான். தர்மேந்திரன், சொல்லுங்க."

தர்மேந்திரன் கழகத்தின் பரிச்சயப் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவின் ஒரே ஊழியரும் அவர்தான். ஒரு கோப்பைத் திறந்தார்.

"அக்கா, உங்க கதையில பரிச்சயம் நாலு விழுக்காடுதான் இருக்கு. கழகத்து விதிப்படி குறைஞ்சது அறுபது வேணும்."

"பரிச்சயம்னா?"

"தெரிஞ்ச முகம். ரசிகர் பாத்ததும், அட நம்ம ஆளுன்னு சொல்லணும். உங்க கதையில யாரையும் யாருக்கும் தெரியல."

"கதையே அதுதாங்க. யாரையும் யாருக்கும் தெரியாத நாடு."

"நல்ல கற்பனை லா," என்று தர்மேந்திரன் ஒப்புக்கொண்டார். "அதுல நாலு தெரிஞ்ச ஆளச் சேத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

டத்தோ நாற்காலியில் சாய்ந்தார். "நாங்க தெரியாதவனுக்குக் கடன் கொடுக்கிறதில்லம்மா. ரசிகனும் அப்படித்தான். ரெண்டு மணி நேரத்தை நம்மகிட்டக் கொடுக்கிறான். அதைத் தெரியாத ஒரு பறவைகிட்ட எப்படிக் கொடுப்பான்? கழகத்துக்குக் கற்பனைமேல ரொம்ப மரியாதை உண்டு. அதனாலதான் அதைத் தனியா வெளிய அனுப்பறதில்ல. கூட எப்பவும் தெரிஞ்ச ஆள் நாலு பேரை அனுப்புவோம்."

திருத்திய கதைக்கு ஆசிரியரின் கையெழுத்து வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அவள் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அடுத்த விதியில் இருந்தது. ராஜ்யம் மெய்யம்மையின் இரும்பு அலமாரிக்குள் போகும்; பத்து வருஷத்துக்கு யாரும் அதைத் தொடக்கூடாது. கொரெட்டி அலமாரியைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு பழைய மின்விசிறியும் இரண்டு கோப்பைகளும் இருந்தன. பஞ்சாலையை அதற்குள் வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

பரிச்சயத் தேர்வு சுவா சமூக மண்டபத்தில் நடந்தது. ஒன்பது பொதுமக்களுக்கு ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸும் நிரப்ப ஒரு பாரமும் கொடுத்தார்கள். பாரத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டம்: எந்த எஸ்டேட்? இரண்டாவது: யார் மகன் அல்லது மகள்? இரண்டும் காலியாக இருந்தால் அந்தப் பாத்திரத்துக்குச் சிவப்புக் கோடு.

தர்மேந்திரன் படத்தைத் தூக்கிக் காட்டினார். "நிழலரசன்."

முன்வரிசையில் இருந்த மங்கம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கெமாஸ் ஸ்டேஷன்ல கொடி காட்டுவாரே, அவரு தம்பி மாதிரி இல்ல?"

"அவருக்கு ஏது தம்பி? அது மச்சான்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

தர்மேந்திரன் எழுதிக்கொண்டார்: கெமாஸ், மச்சான்.

இரட்டைத் தலைப் பறவைக்கு அரை மணி நேரம் பிடித்தது. இடது தலை கெமாஸ் என்பதில் ஒற்றுமை ஏற்பட்டது. வலது தலை யாரென்று தீரவில்லை. ஒரே உடம்புக்கு இரண்டு எஸ்டேட் இருக்கலாமா என்று தர்மேந்திரன் சிரம்பானுக்குப் போன் போட்டுக் கேட்டார். தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று போட்டுக்கொள்ளச் சொல்லி அனுமதி வந்தது. மழை எண்ணும் பூதத்தை எல்லோரும் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொண்டார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணி. ஆள் சுமந்து வந்த பாலின் எடையைக் குறைத்துப் போடுகிறவர் மழையை மட்டும் ஒழுங்காக எண்ணுவாரா என்று ஒருவர் கோபித்துக்கொண்டு தட்டை வைத்துவிட்டார்.

கடைசியாக ஒரு காலித் தாள். 'இந்தப் படத்தில் நீங்கள் பார்க்க விரும்பும் தெரிந்த முகங்கள்.' ஒன்பது பேரும் குனிந்து எழுதினார்கள். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சையில்கூட அவர்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள்.

முப்பத்தொரு பெயர் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வரும் போலீஸ்காரர், இரண்டு பேர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையசைக்கும் டாக்டர். இருமும் அம்மா. தண்ணீர் வடிகட்டி விற்க வீட்டுக்கு வந்துவிட்டு எழுந்து போகாத அங்கிள். கல்யாண மண்டபத்தில் மைக்கை விடாத அறிவிப்பாளர். அட்டையில் செய்த பெரிய காசோலையோடு வரும் சட்டமன்ற உறுப்பினர், அதாவது தொகுதி ஒய்.பி. இப்படியே போனது.

பட்டியலின் முதல் பெயர்: மணி விற்ற சூசை.

"ஒம்போது பேர்ல எட்டு பேர் எழுதியிருக்காங்க அக்கா," என்றார் தர்மேந்திரன், வியப்போடு. "நூத்துக்கு எம்பத்தெட்டு. கழக வரலாற்றுலயே இதுதான் அதிகம். உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

அவர் கையிலிருந்த கோப்பில் அவளுடைய அடையாள அட்டையின் நகல் மூன்று இருந்தது. மூன்றிலும் மரியகொரெட்டி, சூசையின் மகள் என்று போட்டிருந்தது. பக்கம் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று அவற்றுக்கு அவரே எண்ணும் போட்டிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்குக் கொரெட்டி தயாராக வந்தாள். புருஷன் ஜார்ஜ், பசாருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். "அங்க போயி அழுவாத, கொரெட்டி. கேட்டதுல பாதியில ஆரம்பி," என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"முப்பத்தொண்ணு முடியாது டத்தோ. பத்து பேரு சேத்துக்கறேன்."

டத்தோவின் முகம் மலர்ந்தது. கலைத் தலைவராக இருந்த மூன்று வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்தா? கட்டுப்படியாகாதும்மா. இருபத்தெட்டு."

"போலீஸ் எதுக்கு ரெண்டு? எப்படியும் லேட்டாதான் வரப்போறாங்க. ஒருத்தரு வந்தாப் போதாதா?"

"சரி, ஒரு போலீஸைக் கழிச்சுக்கோ. இருமற அம்மாவை விடமாட்டேன்."

"அம்மா இருக்கட்டும். தண்ணி வடிகட்டி அங்கிள் போகணும். ஒய்.பி.யும் போகணும்."

"ஐயையோ, ஒய்.பி.யைக் கழிச்சா அடுத்த வருஷ ஒதுக்கீட்டைக் கழிச்சிடுவாங்க. அங்கிளை எடுத்துக்கோ, ஜோசியரையும் சேத்துத் தர்றேன். ஒய்.பி. காசோலையோட வந்து நின்னுட்டுப் போயிடுவாரு, உன் ராஜ்யத்துக்கு ஒண்ணும் ஆகாது."

மெய்யம்மை தட்டச்சுச் செய்துகொண்டே போனார்: போலீஸ் கழிவு ஒன்று, அங்கிள் கழிவு ஒன்று, ஜோசியர் இனாம் கழிவு. இப்படிக் கழித்துக் கழித்துப் பத்தொன்பதில் வந்து நின்றது. டத்தோ கைகுலுக்கக் கையை நீட்டினார்.

"ஒருத்தர் பாக்கி டத்தோ," என்றாள் கொரெட்டி. "அந்த மணி வித்தவரு. அவரையும் எடுத்துடுங்க. பதிலுக்குக் கழிச்ச போலீஸைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

டத்தோ நீட்டிய கையை மடக்கினார். "அவன் முதல் சரக்கும்மா. அவனை எடுத்தா கடையையே மூடணும்."

"டத்தோ ஒரு காட்சியே யோசிச்சு வச்சிருக்காரு," என்றார் இயக்குநர் ரகுநாத். எண்பது கல்யாண வீடியோ எடுத்தவர். எதற்கும் மறுப்புச் சொல்லி அறியாதவர். "சூசை மணியத் தோள்ல தூக்கிட்டு ஓடறான். நிழலரசன் பின்னாடி ஓடறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க."

கொரெட்டி படிக்கட்டில் இறங்கும்போது கீழே டயர் கடையில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நல்லதாகப் போயிற்று. அவள் மூக்கைச் சிந்தியது மேலே யாருக்கும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆனால், திருத்திய கதையை அதே ஒன்பது பேரிடம் மறுபடி சோதித்தார்கள். முடிவோடு தர்மேந்திரன் தொழிற்சாலைக்கே வந்து, மதிய உணவு நேரத்தில், கேண்டீன் மேசையில் கோப்பைத் திறந்தார்.

"பிரமாதம் அக்கா. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுது. ஒரே ஒருத்தர்தான் இடிக்குது. இந்தப் பஞ்சாலை."

"அவதானே கதை!"

"எனக்கும் அவளப் புடிக்கும் லா. ஆனா அவ எந்த எஸ்டேட்டு, யாரு மவன்னு கடைசி வரைக்கும் சொல்லமாட்டேங்கறா. ரெண்டு கட்டமும் காலி. சிவப்புக் கோடு. பிரிவோட பரிந்துரை என்னன்னா, அவள மட்டும் எடுத்துட்டா பரிச்சயம் நூறு விழுக்காடு."

வீட்டில் ஜார்ஜ் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"அவ்ளோ பேரையும் காட்டப் போறாங்களா?"

"ஆமா. தெரிஞ்ச ஆளுங்களாம். காட்டியே ஆவணுமாம்."

"தெரிஞ்ச ஆள எதுக்குக் காட்டணும்? ரோட்டுல தெரிஞ்சவன் வந்தா நான் லோரிய நிறுத்தறனா? கைய மட்டும் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். தெரியாதவன் குறுக்க வந்தாத்தான் பிரேக் போடணும்." சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினான்.

கொரெட்டி ரசத்தை ஊற்ற மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கூட்டத்தில் அவள் கதையைப் பற்றிப் பேசவேயில்லை.

"ரகுநாத் சார், ஒரு தெரிஞ்ச முகத்துக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு?"

"அறுநூறு. சாப்பாடு தனி."

"பத்தொம்போது பேரு. ஷூட்டிங் எத்தன நாளு?"

"நாலு."

ரகுநாத் தொலைபேசியைத் தேடுவதற்குள் டத்தோவின் உதடுகள் அசைந்து நின்றுவிட்டன. "நாப்பத்தஞ்சாயிரத்து அறுநூறு." முகத்திலிருந்த கலைத் தலைவர் எழுந்து போய், அந்த இடத்தில் வட்டிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல டத்தோ," என்றாள் கொரெட்டி. "போலீஸ் எப்ப வருவாருன்னு எல்லாருக்கும் தெரியும். டாக்டர் என்ன செய்வாருன்னு தெரியும். அந்த அம்மா இருமறது இப்பவே காதுல கேக்குது. இவ்வளவு தெரிஞ்சவங்கள எதுக்குக் காசு கொடுத்துக் காட்டணும்? படம் ஆரம்பிக்கறப்பப் பேரப் போட்டு, பக்கத்துல ஒரு வரி எழுதிட்டா, மிச்சத்த ரசிகரே பாத்துக்க மாட்டாரா?"



"அப்ப யாரைத்தான் காட்டறது?" என்றார் தர்மேந்திரன்.

"தெரியாதவங்கள. பஞ்சாலைய யாருக்குமே தெரியல இல்ல? அப்ப அவளக் காட்டித்தானே ஆவணும்? அந்த அரசன், பறவை, பூதம் மூணு பேரும் ஏற்கெனவே உங்க விலைக்குள்ள வந்தவங்க. அவங்களுக்குத் தனிச் செலவு இல்ல."

டத்தோ நாகநாதன் எழுந்து நின்றார். "நாப்பது வருஷமா வியாபாரத்துல இருக்கேன். வாங்காத சரக்கை வித்தவங்களைப் பாத்திருக்கேன். செய்யாத சரக்கை, வாங்க வந்தவனையே செஞ்சுக்கச் சொல்ற யோசனையை இன்னைக்குத்தான் கேக்கறேன். ஆச்சி, தீர்மானம் எழுதுங்க!"

தீர்மானம் பதினொன்று இப்படி அமைந்தது: மக்களுக்கு நன்கு தெரிந்த பாத்திரங்களைக் குறிப்பிட்டால் போதும்; தெரியாத பாத்திரங்களை மட்டும் காட்டினால் போதும்.

"அப்ப பரிச்சயப் பிரிவு?" என்றார் தர்மேந்திரன், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு.

"பேரையெல்லாம் யாரு சரிபாக்கறது? நீங்கதான்." அவருக்கு உயிர் வந்தது. உடனே ஒரு விதியும் செய்தார். பெயருக்குப் பக்கத்துக் குறிப்பு ஆறு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. குறிப்புகளை ஆசிரியரே இனாமாக எழுதித் தர வேண்டும்.

கொரெட்டி எழுதிக் கொடுத்தாள். தர்மேந்திரன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வார்த்தைகளை எண்ணினார். போலீஸ்காரர், ஐந்து. டாக்டர், ஆறு. கடைசி வரியில் விரல் சீக்கிரமே நின்றுவிட்டது. "இது நாலுதான் இருக்கு அக்கா. இன்னும் ரெண்டு எழுதலாம்."

"போதும்."

சரி என்று கோடு போட்டார். அவர் வேலை எண்ணுவது. படிப்பது வேறு பிரிவின் வேலை, அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

படத்தைச் சுவா சமூக மண்டபத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் போட்டார்கள். முதலில் டத்தோ பேசினார். "மக்கள் கேட்ட பத்தொன்பது பேரையும் ஒரு சென் செலவில்லாமல் கொண்டுவந்திருக்கிறோம். இதில் ஒருவரைக்கூட நீங்கள் காண மாட்டீர்கள். அதுதான் கழகத்தின் சாதனை." பலத்த கைதட்டல்.

விளக்கு அணைந்தது. பெயர்கள் வரத் தொடங்கின. 'போலீஸ்காரர்: எல்லாம் முடிந்ததும் வந்து குறிப்பு எடுப்பவர்.' சிரிப்பு. 'தொகுதி ஒய்.பி.: தன்னைவிடப் பெரிய காசோலையைத் தூக்கி வருபவர்.' விசில். முன்வரிசையில் ஒய்.பி. எழுந்து கும்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபம் ஆரவாரித்தது. கொரெட்டி கடைசி வரிசையில் ஜார்ஜின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாவது பெயர் வந்தது.

'மணி விற்ற சூசை: மகளின் எஸ்.பி.எம். கட்டணம் கட்டியவர்.'

சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அந்த வரி மற்ற வரிகளைப் போலவே ஐந்து வினாடி நின்றுவிட்டுப் போனது.

பிறகு விடியல் வந்தது. ஈரமான நிரை. பஞ்சாலை நாற்பதாவது மரத்தைச் சீவிவிட்டு நிமிர்ந்தாள், நாற்பத்தோராவதைப் பார்த்தாள், கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அதைத் தாண்டி நடந்தாள். அவளைக் கண்டதும் பறவையின் இரண்டு தலைகளும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

இருட்டில் யாரோ பழக்கதோஷத்தில், "எந்த எஸ்டேட்டு இவ?" என்றார்கள்.

"ஷ்ஷ், கேக்கக்கூடாது லா. குத்தம்," என்றது பக்கத்து நாற்காலி.

படம் முடிந்து வெளியே வந்தவர்கள் திருப்தியாக இருந்தார்கள். போலீஸ்காரர் நன்றாக நடித்திருந்தார் என்றார் ஒருவர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார் இன்னொருவர். பேப்பர் தட்டில் மீ கோரெங்கோடு மங்கம்மா கொரெட்டியின் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் எழுதனியாமே. எந்த எஸ்டேட்டும்மா நீ? யாரு மவ?"

"மணி வித்தாரே சூசை. அவரு மவதான்கா."

மங்கம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கொரெட்டியின் முகத்தை, முன்பின் பார்த்திராத முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பரீட்ச பாஸ் பண்ணியா?"

"பண்ணேன்கா."

"எத்தன ஏ?"

"ரெண்டு."

"ரெண்டுதானா? அவ்ளோ பெரிய மணிக்கு?" என்றார் மங்கம்மா. பிறகு தன் தட்டிலிருந்த இறாலை எடுத்துக் கொரெட்டியின் தட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறு வாரம் கழகத்திலிருந்து இறுதிக் கணக்கு வந்தது. மெய்யம்மை தட்டச்சுச் செய்து, தர்மேந்திரன் சரிபார்த்து, டத்தோ கையெழுத்திட்டது. கொரெட்டி அதைச் சமையலறை மேசையில் விரித்து, வேலையில் மின்பலகையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிழையில்லை. கீழே ஒரு வரி இடம் இருந்தது. பென்சிலை எடுத்து அதை மட்டும் தானே எழுதிக்கொண்டாள்.

நாவலில் இருந்தவர்கள்: 4
மக்கள் கேட்டவர்கள்: 31
பேரத்தில் கழித்தது: 12
சேர்த்தவர்கள்: 19
ஆக மொத்தம்: 23
பெயரில் வந்தவர்கள்: 19
திரையில் வந்தவர்கள்: 4
கழகத்துக்கு யாரும் பாக்கியில்லை.
கோயிலுக்கு, மணி ஒன்று. பாக்கி.